பச்சை குத்திய தோலும் ஒளிப்படக் கருவியும்

பச்சை குத்துதல் பெரும்பாலும் அழகின் பொருட்டு நிகழ்வது. எனினும் அதே ஊசி தண்டனைக்கும் பயன்பட்டதுண்டு. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பனி 1797 இல் விதித்த ஒழுங்குவிதியின்படி, ஆயுட்கைதியின் நெற்றியில் அவனது பெயரும் குற்றமும் தீர்ப்பு நாளும் பொறிக்கப்பட்டன. வட இந்தியப் பெண்கள் கைகளில் விரும்பிக் குத்திக்கொண்ட கோலத்துக்குரிய ‘கோத்னா’ என்னும் சொல்லே இத்தண்டனைக்கும் பெயராயிற்று. தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டி எழுத்தை மறைத்த கைதிகளும் இருந்தனர். 1849 இல் இவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. தோலைப் படித்தறியும் ஆசையோ ஒழியவில்லை; ஊசி இருந்த இடத்துக்கு ஒளிப்படக் கருவி வந்தது.

1869 இல் லாம்பிரே என்பார், ஈரங்குலச் சதுரங்களாகப் பட்டு நூல் கட்டிய சட்டத்தின் முன் மனிதரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுக்கும் முறையை வகுத்தார். 1890 களில் அந்தமானில் போர்ட்மன் இம்முறையைப் பின்பற்றினார். 1885 இல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பேற்ற எட்கார் தர்ஸ்டன் நீலகிரித் தோடரை அளந்தார். தோடப் பெண்களின் உடலிற் குத்தப்பட்ட புள்ளிகளும் வளையங்களும் அளவுகளோடு சேர்ந்து குறிப்பேடேறின. அவரே காவல்துறையினருக்கும் உடலளவைக் கலையைக் கற்பித்தார் என்பது கருதத்தக்கது. இனவியலுக்கும் குற்றவியலுக்கும் இடையே அன்று சுவர் இருக்கவில்லை.

இவ்வரலாற்றைத்தான் புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்னும் இருவரும் 2000 முதல் 2004 வரை உருவாக்கிய ‘தென்னிந்திய நாட்டுப் பெண்கள்’ என்ற ஒளிப்படத் தொகுதி கிளறுகின்றது. தோடப் பெண்ணாக வேடம் பூண்டு, கட்டமிட்ட திரையின் முன் புஷ்பமாலா தாமே நிற்கின்றார். அளக்கப்படுபவளும் படத்தை அமைப்பவளும் ஒருத்தியே. ஆயினும் உண்மைத் தோடப் பெண் இங்கும் பேசவில்லை. இது அப்படைப்பின் குறை.

ஸ்பானியக் கலைஞர் சாந்தியாகோ சியேரா 2000 இல் சலமங்காவில் செய்தது இதனினும் கொடிது. போதைக்கு அடிமையான நான்கு பாலியல் தொழிலாளப் பெண்களுக்கு ஒருவேளைப் போதைப்பொருளின் விலையைக் கொடுத்து, அவர்களின் முதுகுகளில் 160 சென்ரிமீற்றர் நீளக் கோடொன்றைப் பச்சை குத்துவித்தார். சுரண்டலைக் காட்டவே அவ்வாறு செய்தார் என்பர். படம் கண்காட்சிக்குச் சென்றது. கோடு அப்பெண்களிடமே தங்கிற்று.

குடாநாட்டார்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டைப் படத்தோடு முகத்தை ஒப்புநோக்கிய கண்கள், இளைஞரின் தோளிலும் முழங்காலிலும் தழும்பைத் தேடின. சைக்கிளில் விழுந்த வடுவுக்கும் அங்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.