கூரையில் ஏன் ஒரு பலகை?

ட்ரெயின் சிமுலேட்டர்களை வெறும் கேம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2001இல் மைக்ரோசொஃப்ட்டும் அவுஸ்திரேலியாவின் ஓரன் கொம்பனியும் ஆளுக்கொரு சிமுலேட்டரை வெளியிட்டன. அன்றிலிருந்து ரயில் பைத்தியங்கள் பலர் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் கொம்பியூட்டரில் மறுபடி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பெட்டியில் ரிவெட் ஆணி எந்த வரிசையில் இருந்தது, எழுத்து எந்த வருடத்துப் பாணி என்றெல்லாம் சண்டை பிடித்துத்தான் கட்டுவார்கள்.

அப்படிக் கட்டப்பட்ட ஒன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோட் கொம்பனியின் எக்ஸ்29 சரக்குப் பெட்டி. 1924இல் அறிமுகமான, 40 அடி நீளமான, 50 தொன் ஏற்றக்கூடிய பெட்டி. வெளியே உருக்கு, உள்ளே மரப்பலகை. இரண்டுக்கும் இடையில் ஈரம் தங்கி, காலப்போக்கில் சுவரின் அடிப்பகுதி துருப்பிடித்தது. பட்டறைகளில் அதற்குத் தகடு வைத்து ஒட்டுப் போட்டார்கள். கவனமாகச் செய்யப்பட்ட மொடல்களில் அந்த ஒட்டுக்கூட இருக்கும்.

கூரையைப் பாருங்கள். நடுவில் நீளத்துக்கு ஒரு ஒடுங்கின பலகைப் பாதை. முனையில் ஏணி, கைப்பிடிக் கம்பிகள், கைப்பிரேக் சக்கரம். இதெல்லாம் அலங்காரம் இல்லை. இங்கே மனிதர்கள் வேலை செய்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஒரு சரக்கு ரயிலை நிறுத்துவது எப்படி என்று நினைக்கிறீங்கள்? எஞ்சினிலிருந்து விசில் வரும். பிரேக்மேன்கள் ஓடுற ரயிலின் கூரையில் ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொரு சக்கரமாகத் திருகி இறுக்குவார்கள். மழையிலும் பனியிலும் அதே வேலைதான். தாழ்வான பாலங்கள் தலையில் அடிக்காமல் இருக்க, பாலத்துக்கு முன்னால் கயிறுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கயிறு முகத்தில் பட்டால் உடனே குனியவேணும். பெட்டிகளை இணைப்பதும் இதேபோல ஆபத்து. இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்று, இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து ஆணி போடவேணும். விரல் இழந்தவர்கள் ஏராளம், உயிர் இழந்தவர்களும்தான்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. வெஸ்டிங்ஹவுஸ் 1869இலேயே காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஜேனியின் தானியங்கி இணைப்பு 1873இல் வந்தது. பயணிகள் ரயிலுக்குக் காற்றுப் பிரேக் விரைவாகவே போனது. சரக்கு ரயிலுக்குப் போடச் செலவு அதிகம் என்று கொம்பனிகள் இழுத்தடித்தன. ஐயோவாவைச் சேர்ந்த லொரென்சோ கொஃபின் வருடக்கணக்காக ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார். கடைசியில் 1893இல்தான் இரண்டையும் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வர 1900 ஆனது. ஏணி, கைப்பிடி, கூரைப்பலகை எல்லாவற்றையும் கட்டாயமாக்கியது 1910ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆக, எக்ஸ்29இன் ஏணியும் பலகையும் ஒரு கொம்பனி எஞ்சினியரின் விருப்பம் மட்டும் இல்லை. செத்துப்போன தொழிலாளர்களின் கணக்கிலிருந்து வந்த சட்டம் அது.

இந்தக் கதையிலும் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. பிரேக்மேன்களின் பெரிய சங்கம் வெள்ளையர்களை மட்டுமே சேர்த்தது. தென்மாநிலங்களில் அதே கூரையில் நடந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலியும் குறைவு, அந்தச் சங்கத்தில் இடமும் இல்லை. மொடலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது.

சிமுலேட்டரில் ஒரு கீயை அழுத்தினால் ரயில் முழுக்கப் பிரேக் பிடிக்கும். கூரையில் ஒருவரும் இல்லை. இதை மொடல் செய்தவரின் குறையாக நான் சொல்லவில்லை. அவர் பொருளை நேர்மையாகக் கட்டியிருக்கிறார். ஆனால் பொருளைச் சரியாகக் கட்டுவதும் வரலாற்றைச் சொல்வதும் ஒன்றில்லை. அருங்காட்சியகங்களுக்கும் இது பொருந்தும்.

1966இல் விதி மாறி, புதிய பெட்டிகளில் கூரைப்பலகை நின்றுபோனது. 1950ஐக் காட்டும் மொடலில் பலகை இருக்கும், 1970களில் கட்டின பெட்டியின் மொடலில் இராது. நல்ல மொடல்காரர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுவதில்லை. அந்தப் பலகை எதற்காக இருந்தது, அதன்மேல் யார் நடந்தார்கள் என்று கேட்கவேண்டியது விளையாடுகிற நாங்கள்தான்.