எந்த கேட், எத்தனை மணிக்கு, எப்படித் திரும்புவது? கால்பந்து ரசிகர்களின் கேள்விகளும் அவற்றின் வரலாறும்

நம் குடியிருப்பில் கால்பந்து பார்ப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ராத்திரி கண் விழித்து டிவியில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கே போய் சென்னையின் எஃப்.சி. அணிக்காகக் கத்திவிட்டு, மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு லிஃப்டில் வருபவர்கள் இன்னொரு வகை.

இந்த இரண்டாம் வகையினர் ஆட்டத்துக்கு முந்தின நாள் பேசிக்கொள்வதைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். கோல், கோச் பற்றிய பேச்சு கொஞ்சம்தான். எந்த கேட்டில் கூட்டம் குறைவு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுவார்களா, ஆறு வயதுக் குழந்தையை அழைத்துப் போகலாமா, ஆட்டம் முடிந்து பாலவாக்கம் திரும்ப என்ன வழி என்பதே பெரும்பாலும் பேச்சாக இருக்கும். கேட்பதற்குச் சாதாரண வீட்டுக் கவலைகள் மாதிரி இருக்கும். ஆனால் இவற்றில் பல, உயிர்ப்பலிகள் கொடுத்துக் கற்ற பாடங்கள். அந்தப் பாடங்கள் ஸ்டேடியத்துக்கு மட்டுமல்ல, நம் பிளாக்கின் படிக்கட்டுக்கும் பொருந்துபவை.

முதலில் நம் ஊர்க் கதை

நேரு ஸ்டேடியம் 1993இல் திறக்கப்பட்டது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தபோது அதுவே முக்கிய மைதானம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கி, சென்னையின் எஃப்.சி. அணி அங்கே ஆட ஆரம்பித்தபோதுதான் ஒவ்வொரு சீசனும் பல முறை மாலை நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கால்பந்துக்காகப் பெரியமேடு போய்வருவது வழக்கமானது. 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று ரசிகர் குழுக்களும் உருவாயின. புதிதாக வருபவர்களுக்கு எங்கே உட்காரலாம், எப்படி வரலாம் என்று சொல்ல அனுபவசாலிகள் கிடைத்தார்கள்.

பாலவாக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அன்றும் இன்றும் ஒரு வழி உண்டு. ஈசிஆரில் பஸ் பிடித்துத் திருவான்மியூர், அங்கிருந்து பறக்கும் ரயிலில் பார்க் டவுன், பிறகு ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடை. பறக்கும் ரயில் திருவான்மியூருக்கு வந்தது 2004இல். மெட்ரோ ரயில் சென்ட்ரல் வரை வந்தது 2018 மே மாதம்தான். அதாவது சென்னை அணி இரண்டு முறை கோப்பை வென்ற பிறகு. 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை சிந்தாதிரிப்பேட்டைக்கும் கடற்கரைக்கும் இடையே ரயில் பாதை வேலைக்காகப் பறக்கும் ரயில் ஓடாதபோது, நம் பக்கத்து ரசிகர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட தகவலை டிக்கெட்டில் அச்சடிக்க மாட்டார்கள். போய்வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

2015 டிசம்பரை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். அந்த வெள்ளத்தால் சென்னை அணியின் சொந்த மண் அரையிறுதியையே இங்கே நடத்த முடியவில்லை. டிசம்பர் 12ஆம் தேதி அது புனேயில் நடந்தது. கொல்கத்தா அணியை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்து, 3-2 என்று கோப்பையை வென்றார்கள். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வடித்துவிட்டு, சேறு கழுவிக்கொண்டிருந்த நாட்களில் கிடைத்த சந்தோஷம் அது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் அதே 3-2 கணக்கில் இரண்டாவது கோப்பை.

இந்த மாதிரி கடைசி நிமிட கோல்கள் ரசிகனுக்கு வாழ்நாள் ஞாபகம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நகரும் நேரமும் அதுதான். விபத்துகளின் வரலாறு அங்கே ஆரம்பிக்கிறது.

கொல்கத்தா, 1980 ஆகஸ்ட் 16

இந்தியக் கால்பந்தின் மிகச் சோகமான நாள் இது. ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் கொல்கத்தா லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. இரு அணி ரசிகர்களும் ஒரே ஸ்டாண்டில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் இரு வீரர்களுக்கிடையே மோதல் வந்து இருவரும் வெளியேற்றப்பட்டதும், அந்தச் சண்டை மேலே ஸ்டாண்டுக்குப் பரவியது. பயந்தவர்கள் குறுகலான வழிகளை நோக்கி ஓடினார்கள். அந்த நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்க வீட்டிலிருந்து கிளம்பிய 16 பேர் திரும்பி வரவில்லை.

அதன் நினைவாக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவில் ரத்த தான முகாம் நடக்கிறது. இரு அணி ரசிகர்களையும் தனித்தனியாக உட்கார வைப்பது, தனித்தனி வழியில் அனுப்புவது என்பதெல்லாம் நமக்கு வீண் கெடுபிடியாகத் தெரியலாம். 'அந்தப் பக்க கேட் மூடியிருக்கும், சுற்றித்தான் வர வேண்டும்' என்று ரசிகர்கள் அலுத்துக்கொள்வதும் உண்டு. அப்படிப் பிரித்து வைப்பதன் அவசியத்தை ஈடன் கார்டன்ஸில் கலந்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு ஸ்டாண்ட் காட்டிவிட்டது.

பிரிட்டனின் மூன்று பாடங்கள்

கால்பந்து மைதான விபத்துகளை ஒவ்வொன்றாக விசாரித்து, கையேடாகவும் சட்டமாகவும் எழுதிவைத்த நாடு பிரிட்டன். அங்கே நடந்தவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது படிக்கட்டு. 1971 ஜனவரி 2, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐப்ராக்ஸ் மைதானம். ஆட்டம் முடிந்து கூட்டம் 13ஆம் எண் படிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் நிற்க முடியாமல் மேலே மேலே சரிந்தார்கள். 66 பேர் இறந்தார்கள். மார்கின்ச் என்ற சிற்றூரிலிருந்து சேர்ந்து வந்த ஐந்து சிறுவர்களும் அதில் அடக்கம். அதே படிக்கட்டில் 1961இலேயே இருவர் இறந்திருந்தார்கள். எச்சரிக்கை பத்து வருடம் முன்பே வந்திருந்தது. இந்த விபத்துக்குப் பிறகுதான் 1973இல் மைதானப் பாதுகாப்புக்கான கையேடு வெளியானது. 1975இல் சட்டம் வந்தது. வழக்கமாக ஆட்டம் முடிந்து வெளியேறும்போது, 8 நிமிடத்துக்குள் கூட்டம் வாசல்களைக் கடந்துவிட வேண்டும் என்பது இன்று அந்தக் கையேட்டில் உள்ள கணக்கு.

இரண்டாவது பூட்டு. 1985 மே 11, பிராட்ஃபோர்ட். அந்த ஊர் அணி மேல் டிவிஷனுக்கு உயர்ந்த கொண்டாட்ட நாள். பழைய மரத்தாலான ஸ்டாண்டின் பலகை இடுக்கு வழியாக விழுந்த நெருப்பு, அடியில் பல வருடங்களாகச் சேர்ந்திருந்த குப்பையில் பற்றியது. சில நிமிடங்களில் ஸ்டாண்ட் முழுவதும் தீ. பின்பக்கமாக ஓடியவர்கள், பூட்டியிருந்த கதவுகளிடம் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்பான்களை யாராவது எடுத்து விளையாடுவார்கள் என்று முன்பே அங்கிருந்து அகற்றியிருந்தார்கள். 56 பேர் இறந்தார்கள். முன்பக்கம் கம்பி வேலி இல்லாததால் மைதானத்துக்குள் இறங்கியவர்கள் பிழைத்தார்கள். எரிந்த ஸ்டாண்டின் அடியில் 1968ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்று கிடைத்தது. பதினேழு வருடமாக யாரும் அந்த இடத்தைப் பெருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1975ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது மேல் டிவிஷன் மைதானங்களுக்குத்தான் பொருந்தியது. பிராட்ஃபோர்ட் மூன்றாம் டிவிஷனில் இருந்ததால் அது அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அடுத்த சீசனுக்காக ஸ்டாண்டைப் புதுப்பிக்க இரும்புகூட வந்து இறங்கியிருந்தது.

மூன்றாவது வேலி. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். வெளியே நெரிசல் அதிகமானதால் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் நேராக இருந்த சுரங்க வழியில் போய், ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதியில் சேர்ந்தார்கள். இரண்டு ஓரங்களிலும் இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் திருப்பிவிட ஆள் இல்லை. முன்னால் இரும்பு வேலி. 97 பேர் இறந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று பழி சுமத்தப்பட்டது. 27 வருடம் கழித்து, 2016இல்தான் ரசிகர்கள் மேல் தவறில்லை என்று விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் அத்தனை வருடம் விடாமல் போராடியிருந்தார்கள்.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்ஜுருஹான் மைதானத்தில் கண்ணீர்ப்புகை வீசப்பட, கூட்டம் குறுகிய கேட்டுகளில் சிக்கி 135 பேர் இறந்தார்கள். விளையாட்டு வேறானாலும், 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தில் 11 பேர் இறந்ததும் கேட் அருகே நெரிசலில்தான்.

அதனால்தான் இந்த அறிவுரைகள்

அனுபவமுள்ள ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொல்வதை இப்போது மறுபடி கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கேட் முன்னால் கூட்டமாக நிற்பதுதான் ஆபத்து.

உட்கார்ந்ததும், நீங்கள் வந்த வழியைத் தவிர இன்னொரு வெளியேறும் வழி எங்கே என்று பார்த்து வையுங்கள். பயம் வந்தால் எல்லோரும் வந்த வழியையே தேடுவார்கள்.

குடும்பத்தோடு போனால், தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். கேட் அருகே வேண்டாம், சற்றுத் தள்ளி ஓர் இடம். கூட்டத்தில் போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம். குழந்தையின் பையில் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் எண் இருக்கட்டும்.

கடைசி விசில் அடித்ததும் எழுந்து ஓடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் படிக்கட்டு காலியாகிவிடும். படிக்கட்டில் குழந்தையைத் தோளில் ஏற்றாதீர்கள்.

நெரிசலில் மாட்டினால் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வையுங்கள். நெரிசலில் பலர் இறப்பது மிதிபட்டு அல்ல, மார்பு அழுத்தப்பட்டு மூச்சு விட முடியாமல்தான். கீழே விழுந்த போனையோ செருப்பையோ எடுக்கக் குனியாதீர்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அது போகும் திசையிலேயே போய், கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள்.

நம் பிளாக்கில்

கால்பந்தே பார்க்காதவர்கள் இதுவரை படித்திருந்தால், அவர்களுக்காக இந்தப் பகுதி. பிராட்ஃபோர்டின் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டு நம் படிக்கட்டைப் பாருங்கள். தரைத்தளப் படிக்கட்டுக்கு அடியில் பழைய பேப்பர் கட்டு, உடைந்த நாற்காலி, பெயிண்ட் டப்பா. மாடித் திருப்பத்தில் பிள்ளைகளின் சைக்கிள், செருப்பு ஸ்டாண்ட். மொட்டை மாடிக் கதவில் பூட்டு, சாவி யாரிடம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டால் செக்யூரிட்டியைத்தான் கேட்க வேண்டும். இதெல்லாம் எல்லா அபார்ட்மென்ட்டிலும் உள்ளதுதான். சட்டம் நம் கட்டடத்துக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பிராட்ஃபோர்டுக்கும் சட்டம் பொருந்தவில்லை, ஆனால் தீ பிடித்தது.

2022 டிசம்பர் 18 உலகக் கோப்பை இறுதியாட்டம் நம் நேரத்துக்கு இரவு எட்டரைக்கு ஆரம்பித்தது. பெனால்டி முடிந்து அர்ஜென்டினா ஜெயிப்பதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட இரவுகளில் பார்ட்டி ஹாலில் திரை வைத்துப் பார்க்கும் குடியிருப்புகள் நிறைய. வைக்கும்போது இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, அவற்றுக்கு நேராக நாற்காலி போடாமல் இருந்தால் போதும். ஸ்டேடியத்தில் கேட்கும் அதே கேள்விதான் இங்கும்: எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் எந்த வழியாகப் போவார்கள்?

இந்த வாரத்தில் ஒரு நாள் லிஃப்டை விட்டுவிட்டு, உங்கள் மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும், எங்கே கைப்பிடி இல்லை, எங்கே விளக்கு எரியவில்லை என்று கவனியுங்கள். வழியில் தடையாக இருப்பது உங்கள் பொருளாக இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாருடையதாக இருந்தால் தன்மையாகச் சொல்லுங்கள். பொதுவானதாக இருந்தால் அசோசியேஷனுக்கு எழுதுங்கள். மொட்டை மாடிச் சாவி ஒவ்வொரு மாடியிலும் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதை அடுத்த கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம்.