மாற்றுலகமும் திரும்பும் வழியும்

ஜப்பானிய அனிமேக்களில் சில ஆண்டுகளாகப் பெருகிக் கிடக்கும் 'இசெகாய்' கதைகளைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதினால் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இசெகாய் என்றால் வேறு உலகம். இங்கே ஒருவன் சாகிறான், அல்லது தூக்கிச் செல்லப்படுகிறான். அங்கே கண் விழிக்கிறான். பிள்ளைகள் பார்க்கும் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதப் புகுந்தால் நம்முடைய மணிமேகலையைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

புகார் நகரத்து உவவனத்திலிருந்து உறக்கத்தில் எடுத்துச் செல்லப்பட்டு, முப்பது யோசனைக்கு அப்பால் மணிபல்லவத்தின் மணலில் தன்னந்தனியே விழிக்கிறாள் ஒரு பெண். முற்பிறப்பு தெரியவருகிறது. வான்வழிச் செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசி போக்கவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத பாத்திரமும் கைக்கு வந்து சேருகிறது. இன்றைய இசெகாய் நாயகனுக்குக் கிடைக்கிற சலுகைகள் ஒன்று பாக்கியில்லாமல் இவளுக்கும் கிடைக்கின்றன. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அவள் புகாருக்குத் திரும்புகிறாள். ஆதிரையிடம் முதல் பிச்சை ஏற்கிறாள். காயசண்டிகையின் யானைப் பசி தீர்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்தப் பாத்திரத்தின் பூர்வ கதை. ஆபுத்திரன் சாவகத்துக்குக் கப்பலேறிப் போகிறவன். கப்பல் மணிபல்லவத்தில் தங்கிப் புறப்படும்போது அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. உலகத்துக்கே சோறிடக்கூடிய பாத்திரம் கையில் இருக்கிறது. வாங்கி உண்ண அந்தத் தீவில் ஒரு ஜீவனும் இல்லை. தன் ஒருவன் வயிற்றுக்காக அதை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்று பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான். வேற்று நிலத்தில் கிடைத்த சக்திக்கு அங்கேயே என்ன மதிப்பு என்ற கேள்வியை இவ்வளவு கறாராகக் கேட்ட வேறொரு படைப்பை நான் படித்ததில்லை. சாத்தனாரைத் தத்துவப் பிரசாரகர் என்று தள்ளி வைப்பவர்கள் இந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டும்.

ஜப்பானியர்களுடைய பழைய கதையும் திரும்புகிற கதைதான். ஆமையைக் காப்பாற்றிய செம்படவன் உராஷிமா தாரோ கடலடி அரண்மனைக்குப் போய் வருகிறான். ஊரில் தலைமுறைகள் கடந்துவிட்டிருக்கின்றன. திறக்கக் கூடாத பெட்டியைத் திறந்து நொடியில் கிழவனாகிறான். அவன் திரும்பியதற்கு ஒரு விலை இருந்தது. 1996-இல் வந்த 'எஸ்காஃப்ளோன்' தொடரில் பள்ளிக்கூடப் பெண் வீடு திரும்புகிறாள். மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தின் சிறுமி சிஹிரோவும் பெற்றோரை மீட்டுக்கொண்டு சுரங்கத்தைக் கடந்து வந்துவிடுகிறாள்.

இந்தக் கதவு சாத்தப்பட்டது பிறகுதான். 2004-இல் தொடங்கிய 'ஷோசெட்சுகா நி நரோ' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம் என்று ஆனது. அங்கே தொடராக எழுதப்பட்டவை நூலாகி, பின்பு அனிமேயாகின. 'முஷோகு தென்செய்' (எழுத்தில் 2012, அனிமேயாக 2021) நாயகன் வேலையில்லாத 34 வயது ஆள். லாரி மோதிச் சாகிறான், வேறு உலகில் குழந்தையாகப் பிறக்கிறான். சேறுபோல் வழவழக்கும் ஜந்துவாக மறுபிறவி எடுப்பவனின் தொடர் 2018-இல் வந்தது. அவன் கட்டுமானக் கம்பெனியில் சம்பளக்காரன், வயது 37. திரும்ப வேண்டும் என்ற எண்ணமே இவர்களை வாட்டுவதில்லை. யாரிடம், எதற்குத் திரும்புவது?

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதே வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் எனக்கு இந்த ஆசை புரியாமல் இல்லை. புரிவதாலேயே சந்தேகப்படுகிறேன். மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிவது பற்று கழல்வதற்காக. இவர்களுக்கோ முற்பிறப்பு மூலதனம். இங்கே செல்லாக்காசாக இருந்த ஞாபகமும் அனுபவமும் அங்கே வட்டியோடு பெருகுகின்றன. மார்க் ட்வெயினின் கனெக்டிகட் யாங்கி 1889-லேயே ஆர்தர் அரசனின் காலத்துக்குப் போய் இந்த வியாபாரத்தைத் தொடங்கிவிட்டான். ஆனால் ட்வெயின் அதைப் பேரழிவில் கொண்டுபோய் முடிக்கிறார். இவர்கள் ராஜ்யம் ஸ்தாபிக்கிறார்கள். விதிவிலக்கு 'ரீ:ஜீரோ' (2016). அதன் நாயகன் சாகும்தோறும் பின்னோக்கிப் போய் விழுகிறான், பட்ட வலி மட்டும் மிச்சமாகிறது. இவ்வகையில் நான் மதிக்கும் ஒரே தொடர் அதுதான்.

தமிழ் உரைநடையில் இந்தப் பயணத்தை முதலில் தீவிரமாகச் செய்தவர் பாரதி. 1910-இல் நூலாக வந்த 'ஞானரதம்' திருவல்லிக்கேணி வீட்டு மாடியிலிருந்து கிளம்புகிறது. உபசாந்தி உலகத்து வாசலில், மனத்தை வெளியே விட்டுவிட்டு வரலாம் என்கிறார்கள். மனம் ஒப்பவில்லை, பயணி உள்ளே போகவில்லை. கந்தர்வ உலகத்து இன்பமும் நிலைப்பதில்லை. கவலை உள்ளவனுக்கு அங்கே குடியுரிமை இல்லை என்பதை மறைக்காததே இந்த நூலின் நேர்மை. 1943-இல் 'கலைமகள்' வெளியிட்ட கதையில் புதுமைப்பித்தன் வண்டியைத் திருப்பி ஓட்டினார்: கடவுள் சென்னைக்கு வந்து, கந்தசாமிப் பிள்ளை வீட்டில் தங்கி, நாட்டியமாடிப் பிழைக்கப் பார்த்துத் தோற்றுப் போகிறார்.

போவது, வருவது தவிர மூன்றாவது வழியும் உண்டு. அங்கிருப்பதை இங்கே கொண்டுவந்து நாட்டுவது. எங்கள் ஊர்ப் பெயரே அப்படி ஏற்பட்டதுதான். காசிக்குப் போக முடியாதவர்களுக்காகப் பராக்கிரம பாண்டியன் 1446-இல் இங்கே விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான் என்பார்கள்.

ஞானரதத்திலிருந்து இறங்கியவரும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்தார். 1918 டிசம்பரில் சிறையிலிருந்து வெளிவந்து, தென்காசிக்குத் தெற்கே உள்ள கடையத்தில், செல்லம்மாளின் ஊரில், ஏறக்குறைய இரண்டு வருஷம் பாரதி இருந்தார். 1920-இல் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துக்களை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீட்டுக்கு வீடு போய்ச் சேரும். அதற்குக் கடன் கேட்டார். முத்திரை ஒட்டிய புரோநோட்டு எழுதித் தருவதாகவும், மாதம் 2 சதவிகிதம் வட்டி கொடுப்பதாகவும் சொன்னார். வருஷத்துக்கு 24. எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடமாட்டார். மனத்தை விட்டுவிட்டு உள்ளே போக மறுத்த அந்தப் பயணிதான் இந்தக் கணக்கையும் போட்டவர். பணம் சேரவில்லை. 1920 முடிவதற்குள் அவர் 'சுதேசமித்திர'னில் வேலைக்குச் சேரச் சென்னைக்கு ரயிலேறிவிட்டார்.