மாடி ஏறாத கல்

போன மாதம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கார் நிறுத்துமிடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களை உரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போய்விடும் என்று. கூடவே ஒரு பட்டியல்: காற்றிறங்கிய இரண்டு சைக்கிள்கள், ஒரு மரத்தொட்டில், உடைந்த ஏர்கூலர், ஒரு கருங்கல்.

அந்தக் ‘கருங்கல்’லைக் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். பம்ப் அறைக்குப் பின்னால், பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது. நடுவில் குழி, குழியில் மழைத்தண்ணீர். அது ஆட்டுக்கல். பட்டியல் போட்ட பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது என்னவென்று தெரிய வாய்ப்பே இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் எழுத வந்தேன். ஏனென்றால், அந்தக் கல் கீழேயே நின்றுவிட்டதால்தான் நாமெல்லாம் மேலே வந்திருக்கிறோம்.

அந்தக் காலத்துச் சமையல்கட்டில் கல் என்று ஒன்று மட்டும் இல்லை. நெல்லையும் மாவையும் இடிக்க உரல். பருப்பை உடைக்கத் திருகை. சில ஊர்களில் ஏந்திரம் என்பார்கள். மிளகாயும் தேங்காயும் அரைக்க அம்மி. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் அரைக்க ஆட்டுக்கல். நான்கும் ஒரே நாளில் போய்விடவில்லை. அரிசி மில்லும் மாவு மில்லும் வந்ததும் முதலில் வெளியேறியது உரல். அதன் பின்னாலேயே திருகை. ஈர மாவை அரைக்கும் யந்திரம் வரும்வரை ஆட்டுக்கல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அம்மிதான் கடைசி. அது சின்னது, தூக்கிவிடலாம். கல்யாணத்தில் மிதிப்பதற்கு வேறு வேண்டும். இன்றைக்கும் மணமேடையில் இருக்கும் ஒரே சமையல்கட்டுச் சாமான் அதுதான்.

கல்லில் அரைப்பது மனிதன் இட்லி தின்ன ஆரம்பித்ததற்கு வெகு முந்தைய பழக்கம். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்கால மக்களின் அரைகற்கள் கிடைத்தன. இட்லிக்கு வயது அவ்வளவு இல்லை. கி.பி. 920-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘வட்டாராதனை’ என்ற கன்னட நூலில் ‘இட்டலிகே’ வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த ‘மானசோல்லாச’த்தில் ‘இட்டரிகா’ வருகிறது. அந்த இட்டரிகா உளுந்தில் மட்டும் செய்ததாம், அரிசி சேரவில்லை. இரண்டையும் தனித்தனியே அரைத்துக் கலந்து இரவெல்லாம் புளிக்கவைக்கும் நம்முடைய இட்லி அதற்குப் பிறகு வந்தது. யார் வீட்டில் முதலில் புளித்தது என்று மாநிலத்துக்கு மாநிலம் சண்டை நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1960கள் வரைக்கும் கிராமத்துச் சாதாரண வீடுகளில் இட்லி தினசரிப் பலகாரம் கிடையாது. தீபாவளி, பொங்கல், மாப்பிள்ளை வந்த நாள். மற்ற நாள்களில் பழையசோறு, கம்பங்கூழ், கேப்பைக்களி. அரிசி விலை ஒரு காரணம் என்றால், கல் இன்னொரு காரணம். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மாவாட்ட ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வலது கை குழவியைச் சுற்றும், இடது கை குழவிக்குக் குறுக்கே போய் மாவைத் தள்ளிவிடும். கொஞ்சம் தாளம் தப்பினால் விரல் நசுங்கும். உளுந்துக்குக் கை கையாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதக்கும்வரை விடுதலை இல்லை. அதன் பிறகு அரிசி. அதற்குப் பிறகு கல்லைக் கழுவுவது, அது தனி வேலை.

பேச்சுவழக்கில் ‘மாவாட்டுகிறான்’ என்றால் நிறைய அர்த்தம் உண்டு. ஊரைவிட்டு ஓடிப்போய்ப் பட்டணத்து ஓட்டலில் சேர்ந்த பையனுக்கு முதலில் கிடைக்கும் வேலை அதுதான். வீட்டில் விசேஷத்துக்கு மட்டும் செய்த இட்லி ஓட்டலில் தினமும் கிடைத்தது என்றால், பின்கட்டில் யாரோ ஒருவன் விடிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்திருந்தான் என்று அர்த்தம்.

என் அப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும் உத்தியோகம். ஒவ்வொரு முறையும் லாரியில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் ஆட்டுக்கல்தான். இரண்டு ஆள் கயிறு கட்டித் தூக்குவார்கள், அதற்குத் தனிக் கூலி கேட்பார்கள். 1974-ல் ஒரு ஊரில் மாடிப் போர்ஷன்தான் கிடைத்தது. கல்லை மேலே ஏற்றக் கூடாது, தளம் தாங்காது, ஆட்டினால் கீழே எங்களுக்கு இடி இடிக்கும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல் மாடிப்படிக்கு அடியிலேயே நின்றது. அம்மா அந்த மூன்று வருஷமும் அரிசியையும் உளுந்தையும் வாளியில் எடுத்துக்கொண்டு இறங்கி, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அந்த இடத்தில் உட்கார்ந்து அரைத்துவிட்டு, மாவைச் சுமந்துகொண்டு மேலே வருவாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உதவி செய்தேன் என்று எழுதத்தான் ஆசை.

மாடி வீடு என்றால் சிமென்ட், கம்பி, லிஃப்ட் என்று நினைக்கிறோம். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961-ல் அமைந்தது. அதன் பிறகு ஊர் ஊராக அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. கட்டடம் கட்டுவது ஒன்று, அதில் குடித்தனம் செய்வது இன்னொன்று. விறகடுப்பை மூன்றாவது மாடியில் எரிக்க முடியாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் பிறகு காஸும் அதைத் தீர்த்தன. தண்ணீரை மோட்டார் ஏற்றியது. மிச்சமிருந்தது கல். அதற்கு விடை சென்னையில் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரில் கிடைத்தது.

அதுவும் தற்செயல் அல்ல. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின, ஆலைகளுக்காக வார்ப்படப் பட்டறைகளும் பெருகின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் அங்கேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். கிணற்றுக்குப் பம்ப்செட் செய்து பழகிய ஊர் அது. மோட்டார் ஒரு பக்கம், ஊத்துக்குளிக் கல் இன்னொரு பக்கம். இரண்டையும் பெல்ட் போட்டு இணைத்து, 1955-ல் பி. சபாபதி என்பவர் கிரைண்டரை உருவாக்கினார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தினமும் காலையில் அவர் புண்ணியத்தில்தான் சாப்பிடுகிறோம்.

அந்த யந்திரத்தில் ஒரு சின்னத் தலைகீழ் மாற்றம் உண்டு. கையால் ஆட்டும்போது கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள், கல் சுற்றுகிறது. மனிதக் கை கல்லைச் சுற்ற முடியாது என்பதால்தான் குழவியைச் சுற்றினோம். மோட்டாருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் கல் கல்லாகவே இருந்தது, வேகமும் மெதுவாகவே இருந்தது. அதனால்தான் மாவு சூடாகவில்லை, உளுந்து பொங்கியது. 1963-ல் பம்பாயில் எஸ்.பி. மாத்தூர் செய்த சுமீத் மிக்சி நம் சட்னியையும் மசாலாவையும் காப்பாற்றியது. நம் ஊர் மசாலாவை அரைக்க வெளிநாட்டு மிக்சிகளின் மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை. அம்மியின் வேலையை மிக்சி வாங்கிக்கொண்டது. இட்லி மாவு விஷயத்தில் மட்டும் அதன் பிளேடு கல்லிடம் தோற்றது. அவசரத்துக்கு மிக்சியில் அரைத்து இட்லி ஊற்றியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் வந்த கிரைண்டர்கள் பீரோ மாதிரி கனம். ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். பிறகு தெருவுக்கு ஒரு வீட்டில் வாங்கினார்கள். ‘இங்கு மாவு அரைத்துத் தரப்படும்’ என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்ட வீடுகள் ஞாபகம் இருக்கிறதா? ஊறவைத்த அரிசியைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய், வரிசையில் வைத்துவிட்டு வரவேண்டும். நம் சட்டியில் முந்தின வீட்டு வெந்தயம் கலந்துவிடும், அதற்கு ஒரு சண்டை. புருஷன் வருமானம் போதாத எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு யந்திரம் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. இன்று நம் வாசலில் பாக்கெட் மாவு போடும் பெண்மணியின் தொழிலுக்கு மூலம் அந்தச் சிலேட்டுப் பலகைதான்.

எங்கள் வீட்டுக்கு 1981-ல் கிரைண்டர் வந்தது. அடியில் சாக்கு மடித்துப் போட்டுத்தான் ஓட்டுவோம். அப்படியும் கீழ்வீட்டு மாமி மேலே பார்த்துக் கத்துவார். நம் சங்க விதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் கிரைண்டர் ஓட்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த மாமி போன்றவர்கள் எழுதவைத்த வரி அது. பின்னால் கவிழ்த்து ஊற்றும் கிரைண்டர், அதற்கும் பின்னால் மேடைமேல் வைக்கும் சின்னக் கிரைண்டர், உள்ளே உருளைக் கற்கள். கல் படிப்படியாகச் சிறுத்து, கடைசியில் மாடி ஏறியது.

அரசாங்கமும் இதை அலட்சியம் செய்யவில்லை. 2005-06-ல் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே கிரைண்டரை வாக்குறுதியாகக் கொடுத்தன. அந்த வருஷம் செப்டம்பர் 15 அன்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. இலவசம் என்று கேலி பேசியவர்கள் அநேகமாக ஆண்கள், அதிலும் கல்லில் உட்காராத ஆண்கள். மறு வருஷம் மின்வெட்டு: சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் பல மடங்கு அதிகம். கிரைண்டரைக் கொடுத்து கரண்டை எடுத்துக்கொண்டார்கள் என்ற அந்தக் காலத்து ஜோக்கில் உண்மை இருந்தது. பலரும் கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து அரிசி ஊறவைத்தார்கள்.

‘என்ன இருந்தாலும் கையால் ஆட்டிய மாவின் ருசி வராது’ என்று நம் மொட்டைமாடிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யார் கை? என் அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கிரைண்டர் வந்த அன்று அதற்குக் குங்குமம் வைத்தாள், ஆட்டுக்கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அவள் பிற்காலத்தில் சொன்ன இன்னொன்றும் உண்டு. கல் இருந்தபோது வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் இட்லி. கிரைண்டர் வந்ததும் வாரத்துக்கு இரண்டு முறை மாவு, காலையில் இட்லி, ராத்திரி தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம். தோள் வலி போனது, அடுப்படியில் நிற்கும் நேரம் குறையவில்லை. யந்திரம் கொடுத்த நேரத்தை நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று உளியும் சுத்தியலுமாகத் தெருவில் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேய்ந்து வழுவழுப்பான கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். கொத்திய பிறகு முதல் ஈடு அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் மண் நறநறக்கும். நம் பம்ப் அறைக் கல்லின் குழிக்குள் கையை விட்டுத் தடவினேன். கொத்திய புள்ளிகள் ஒரு பக்கம் இன்னும் இருக்கின்றன. மறுபக்கம் கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கிறது. அரைத்தவள் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து அரைத்திருக்கிறாள்.

யார் கல் என்று விசாரித்தேன். இந்த இடத்தில் கட்டடம் வருவதற்கு முன்பிருந்த தனி வீட்டினுடையது என்கிறார் பழைய வாட்ச்மேன். முதல் வருஷம் குடிவந்து விற்றுவிட்டுப் போன ஒரு குடும்பம் விட்டுச் சென்றது என்கிறார் பி பிளாக் பெரியவர். எப்படியானாலும் பொது இடத்தில் கிடக்கிறது. கட்டடம் கட்டிய மனையில் நம் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பாகம் இருக்கிறது அல்லவா, அதே கணக்கில் இந்தக் கல்லிலும் நமக்குப் பாகம் உண்டு என்று செயலாளரிடம் வாதாடிப் பார்த்தேன். சிரித்துவிட்டு, அடுத்த கமிட்டிக் கூட்டம் வரை விட்டுவைக்கிறேன் என்றார்.

என் கோரிக்கை இதுதான். காயலான் கடையில் கல்லுக்குக் காசு தரமாட்டார்கள், உடைத்துப் போடுவார்கள். அதைத் தோண்டி எடுத்து, வேப்ப மரத்தடியில் நிமிர்த்தி வைக்கலாம். பிள்ளைகள் ஒரு கைப்பிடி அரிசி போட்டு ஆட்டிப் பார்க்கட்டும், ஐந்து நிமிஷம் போதும். அதற்குக் குழவி வேண்டும். குழவியைக் காணவில்லை. பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்தோ, செடித்தொட்டிப் பக்கத்தில் அழகுக்கோ யாராவது வைத்திருந்தால், தயவுசெய்து ஏ பிளாக் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பெயர் கேட்கமாட்டோம்.