குடியத்துக் குகையும் நம் குலத் தொன்மையும்

நம் சங்கத்தார் அச்சிடக் கருதியுள்ள குல வரலாற்று நூலின் முதற்பகுதியைச் செப்பஞ்செய்து தருமாறு நம்மைப் பணித்தனர். குறிப்புக்களைத் திரட்டித் தந்த இளைஞர் ஒருவர் அதன் தொடக்கத்தில், குடியத்துக் குகைகளில் வாழ்ந்த ஆதி மாந்தரே நம் குலத்து முன்னோர் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அவ்வரியை நாம் நீக்கினோம். நீக்கியது ஏன் என்று அன்பர் பலர் வினவுகின்றனர். சிலர் மனம் வருந்தியும் உள்ளனர். ஆதலின் அதன் காரணத்தை ஈண்டு விளக்கக் கடமைப்பட்டுள்ளோம். பதினைந்து ஆண்டுகட்கு முன் மாணாக்கரை அக்குகைக்கு அழைத்துச் சென்ற நாமும் அவ்வாறே பேசினோம் என்பதனை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம். அன்று நூல்களைப் பார்த்திலோம்.

சோழவரம் ஏரிக்குத் தாமரைப்பாக்கம் அணைவழியாக நீர் தருவது கொற்றலையாறு. மக்கள் வழக்கில் கொசஸ்தலையாறு. அவ்யாற்றின் வழியே மேற்கு நோக்கிச் செல்வார் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைவர். அதனை அடுத்த அல்லிக்குழி மலைப்பகுதியில் உள்ளது குடியம். அணித்தே உள்ளது அத்திரம்பாக்கம். நிலநூல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பாரோடு சென்று அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். இந்நாட்டிலும் பழைய கற்காலம் ஒன்று இருந்ததென உலகம் அறிந்தது அன்று முதலேயாம்.

குடியத்துக் குகையை இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் கே. டி. பானர்ஜி 1962 முதல் 1964 வரை அகழ்ந்தார். கற்கருவிகள் கிடைத்தன, மனித எலும்பு கிடைத்திலது. குகையென்றவுடன் அங்கு மாந்தர் குடும்பத்தோடு வாழ்ந்தனர் என்று நாம் கருதிவிடுகின்றோம். மழைக்கு ஒதுங்கினோரும் உண்டு, வேட்டைக்கு வந்து தங்கிச் சென்றோரும் உண்டு. கல் அதனைப் பகர்வதில்லை.

அத்திரம்பாக்கமோ குகையன்று, வெட்டவெளி. ஆயினும் காலக்கணக்கு நன்கு வாய்த்திருப்பது அங்கேயே. சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 1999 முதல் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தனர். 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அடியிலுள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு. 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, பெருங்கோடரி குறைந்து சிறு செதிற்கருவிகள் மிகுந்த இடைக்கற்கால முறை அங்குத் தோன்றியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்.

இவ்வெண்கள் எங்ஙனம் கிடைத்தன? கரிமக் கணக்கு ஏறத்தாழ 50,000 ஆண்டிற்கு அப்பால் செல்லாது. எனவே வேறு வழி வேண்டும். கோயில் உண்டியலை நினைத்துக் கொள்க. நாள்தோறும் விழும் காசு இவ்வளவு என்பதும், இன்று உள்ள தொகையும் தெரியுமாயின், முன்னர் அதனை ஒழித்த நாளைக் கணக்கிடலாம் அன்றோ? மண்ணிலுள்ள பெல்ட்சுபார் மணியும் அத்தகையதே. சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சு அதனுள் சிறிது சிறிதாகச் சேரும். வெயில் பட்டால் அவ்வுண்டியல் ஒழிந்துவிடும். வெயில் படாது புதையுண்ட மணியை இருட்டறையில் தூண்டினால், சேர்ந்தது ஒளியாக வெளிப்படும். அவ்வொளியை அளந்து, அம்மணி மண்ணுள் புதைந்த காலத்தை அறிவர். பதினைந்து இலட்சக் கணக்கிற்கோ, விண்கதிரால் குவார்ட்சுக் கல்லில் விளையும் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் சிறப்புவகைகள் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் குறைவதை அளந்தனர்.

ஆகவே காலம் கல்லினது அன்று, அது கிடந்த மண்ணடுக்கினது. நம் உறவினர் ஒருவர் மனை நிரப்பக் கொணர்ந்த சரளையில் அழகியதொரு கைக்கோடரி கிடைத்தது. அதன் வயது யாதென வினவினார். லாரி எவ்விடத்துச் சரளையை ஏற்றிற்று என்று நாம் திருப்பி வினவினோம். அவர் அறியார், லாரிக்காரரும் அறியார். அக்கல் இன்று அவர் வீட்டு மாடத்தில் காலமற்றுக் கிடக்கின்றது.

இனி, அக்கருவிகளைச் செய்தோர் யாவர்? 3,85,000 என்னும் எண்ணோடு, 64,000 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும் ஆய்வாளர் சேர்த்தே உரைத்தனர். சங்ககாலம் தொட்டு இன்றுவரை கழிந்தவை ஏறத்தாழ 2,000 ஆண்டே. பிழைக்கு விட்ட இடம் மட்டும் அதனினும் முப்பது மடங்கு! நம்மை ஒத்த மனிதரின் மிகப் பழைய எலும்புகளாகக் கருதப்படுவன மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. காலம் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு. அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பே இல்லை. நம்மினும் முற்பட்ட வேறோர் மனித இனத்தார் அவற்றைச் செய்திருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து முன்னரே புறப்பட்டோர் செய்திருக்கலாம். இரண்டனுள் எது என்று அறுதியிட அங்குச் சான்றில்லை.

நம்மவர் எலும்பு ஐயமின்றிக் கிடைக்கும் இடம் ஈழம். அங்குள்ள பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டு முதல் மாந்தர் வாழ்ந்தமைக்குச் சான்றுண்டு. கடல் தாழ்ந்திருந்த அக்காலத்தில் ஈழமும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. அங்குச் சென்றோர் தமிழகத்தின் வழியே சென்றிருத்தல் கூடும் என்று கருத இடமுண்டு.

அவர்தம் வழியினர் இன்று எக்குலத்தார்? 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டுக்கு முன்பு வரை இந்நாட்டு மக்கட்குழுக்கள் பெரிதும் கலந்தன என்றும், தத்தம் குழுவிற்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் அதன் பின்னரே இறுகியது என்றும் காட்டிற்று. அதன்படி, குலம் என்று நாம் இன்று கூறும் வேலியே அக்குகைக்கு மிகமிகப் பிற்பட்டது. குடியம் நம் முன்னோரதாயின் நம் அண்டை ஊராரின் முன்னோரதும் ஆகும். அதனை நம் குலநூலில் மட்டும் எழுதுதல் எங்ஙனம் பொருந்தும்?

இளைஞரின் ஆர்வத்தை நாம் குறைகூறவில்லை. நீக்கிய வரிக்கு ஈடாக, நம் கையிலுள்ள நில ஆவணங்களுள் மிகப் பழையதனை முதற்பக்கத்தில் வைத்துள்ளோம். அதன் வயது 200 ஆண்டிற்கும் குறைவு. அதனினும் முற்பட்ட ஓலையோ பத்திரமோ வீட்டுப் பரணில் வைத்திருக்கும் அன்பர்கள், கிடைத்த இடமும் வைத்திருந்தோர் பெயரும் குறித்து, அடுத்த மாதக் கூட்டத்திற்குள் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம்.