ரிவர்ஸில் ஏறிய மலை

மேட்டில் ஏற முடியாமல் ஒரு கார் திணறுகிறது. டிரைவர் என்ன செய்கிறார்? இறங்கித் தள்ளவில்லை. பானெட்டைத் திறக்கவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, பின்பக்கமாகவே மலை ஏறிவிடுகிறார்!

சினிமா காமெடி இல்லை. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே இப்படித்தான் மேடு ஏறியது. வண்டியின் பெயர், ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன.

ஏன் ரிவர்ஸ்? அந்தக் காரில் பெட்ரோல் பம்ப்பே கிடையாது. பெரும்பாலான மாடல் டி கார்களில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். அங்கிருந்து குழாய் வழியாக, மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி, பெட்ரோல் தானாக இறங்கி எஞ்சினுக்குப் போகும். சமதளத்தில் பிரச்னை இல்லை. செங்குத்தான மேட்டில் மூக்கு மேலே போனால் எஞ்சின் உயரத்துக்குப் போய்விடும், டேங்க் கீழே வந்துவிடும். அதிலும் டேங்க்கில் பெட்ரோல் குறைவென்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுமா என்ன? திருப்பிப் போட்டால் டேங்க் மேலே, எஞ்சின் கீழே. பெட்ரோல் சமர்த்தாக இறங்கும். ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம். கதை முடிந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. டேங்க்கில் பெட்ரோல் இருப்பது வேறு, அது போதுமான அழுத்தத்தோடு எஞ்சினுக்குப் போய்ச் சேருவது வேறு. ஓர் அடி உயரத்துப் பெட்ரோல் தருகிற அழுத்தம் சுமார் 0.3 பிஎஸ்ஐ மட்டுமே. ஊதினாலே அதைவிட அதிகம் வரும்.

அடுத்து வந்தது பம்ப். எஞ்சின் கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை ஆட்ட, அது ஒரு ரப்பர் சவ்வை மேலும் கீழும் இழுக்க, பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வரும். நம் ஊர் அம்பாசடரில் இருந்தது இதுதான். மெக்கானிக்குகள் ‘ஏசி பம்ப்’ என்பார்கள். குளிர்சாதனம் என்று நினைத்துவிடாதீர்கள், அது கம்பெனி பெயர். இது தருகிற அழுத்தம் சுமார் 3 முதல் 5 பிஎஸ்ஐ. கார்புரேட்டருக்கு அதுவே விருந்து.

ஆனால் சித்திரை வெயில் என்று ஒன்று இருக்கிறதே! உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். எஞ்சின் சூடு, வெயில், உறிஞ்சல் மூன்றும் சேர்ந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளத் தெரியாது. வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். டிரைவர் ஈரத்துணியைப் பிழிந்து பம்ப்பின் மேல் சுற்றுவார். பத்து நிமிஷம் கழித்து செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட்! ஆவி குளிர்ந்து மறுபடி பெட்ரோலாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து மெக்கானிக்கின் பரிசோதனையும் எளிமையானது. கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு எஞ்சினைச் சுற்றச் சொல்வார். பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சி அடித்தால் பம்ப் நலம். சொட்டினால் சவ்வு கிழிந்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ அடைப்பு. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார்.

பார்க்காமல் யூகித்தால் என்ன ஆகும்? இதற்கு ஒரு யுத்தக் கதை உண்டு.

1940. பிரிட்டன் மேல் ஜெர்மன் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் இரண்டிலும் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அருமையான எஞ்சின், ஒரு வியாதியைத் தவிர. எதிரியைத் துரத்த விமானி மூக்கைச் சட்டென்று கீழே கவிழ்த்தால், எஞ்சின் இருமிவிட்டு அணைந்துவிடும். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இஞ்செக்‌ஷன் இருந்தது. அவன் ஜம்மென்று கவிழ்ந்து தப்பித்துப் போவான்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை என்றுதானே தோன்றும்? அது பாதி உண்மை. கவிழும்போது கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் மேலே எகிற, முதலில் ஒரு கணம் பட்டினி. அதைச் சமாளித்துவிடலாம். அடுத்த கணம்தான் ஆபத்து. வால்வு முழுக்கத் திறந்துகொள்ள, பம்ப் முழு வேகத்தில் பெட்ரோலைக் கொட்டி எஞ்சினை மூழ்கடிக்கும். பட்டினியால் சாகவில்லை, அஜீரணத்தால் செத்தது!

இதற்கு மருந்து கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இன்ஜினீயர். ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையில் நார்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். எஞ்சின் முழு சக்தியில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அவ்வளவு மட்டும் போகும்படி ஓட்டை போட்ட ஒரு சின்னஞ்சிறு உலோகத் துண்டு. அதைக் குழாயில் பொருத்தினார். விமானத்தைப் பிரிக்கவே வேண்டாம். 1941 மார்ச்சில் ஒரு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் மாட்டிவிட்டு வந்தார். நிரந்தரத் தீர்வு பின்னால்தான் வந்தது. அதுவரை விமானிகளின் உயிரைக் காத்ததில் அந்தத் துண்டுக்கும் பங்கு உண்டு.

நோயின் அறிகுறி ஒன்று, காரணம் நேரெதிர். கார் மெக்கானிக் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் இது.

போருக்குப் பிறகு கார்களும் இஞ்செக்‌ஷனுக்கு வந்தன. 1954இல் மெர்சிடஸ் 300 எஸ்எல். அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி 1957இல் எலெக்ட்ரானிக் இஞ்செக்‌ஷனை அறிமுகப்படுத்தியது. காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தை. சில டஜன் கார்களோடு கடை மூடிவிட்டார்கள். அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஜெயித்தது ஜெர்மனியின் பாஷ். 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக். அமெரிக்காவின் புகை விதிகள்தான் அதற்கு வழி திறந்துவிட்டன.

இந்தியாவுக்கு அதே காரணம் 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. யூரோ-2 விதிகள் பெருநகரங்களைத் தொட, கார்புரேட்டர் கார்கள் விடைபெற, புதுக் கார்களின் முதுகில் ‘எம்பிஎஃப்ஐ’ என்ற எழுத்துகள் மின்னின. பம்ப் டேங்க்குக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது உறிஞ்சல் இல்லை, தள்ளல். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் கொதிக்காது. ஈரத்துணிக்கு ஓய்வு.

ஆனால் இங்கேதான் ஒரு சூட்சுமம். எந்த அளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் காரின் கம்ப்யூட்டர் எப்படித் தீர்மானிக்கிறது? இஞ்செக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்பது மட்டும்தான் அதன் கையில். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும். பல கார்களில் அந்த அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார்கூடக் கிடையாது. அழுத்தம் குறைந்தால், அதே நேரம் திறந்தாலும் பெட்ரோல் குறைவாகத்தான் வரும். ஆக்ஸிஜன் சென்சார் புகையை மோந்து பார்த்து, ‘பெட்ரோல் பத்தலை’ என்று புகார் கொடுக்கும். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சேர்த்துத் திறக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தாண்டினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

மெக்கானிக் ஸ்கேனர் போடுகிறார். ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்கிறது. உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறார்! உண்மையைச் சொன்ன சாட்சியைத் தூக்கி உள்ளே போடுகிற கதை.

அழுத்தக் குறைவின் நடத்தை வேறு. ஐடிலில் வண்டி சமர்த்தாக நிற்கும். மேடு ஏறும்போதோ, ஓவர்டேக் பண்ணும்போதோ இழுக்காது, திக்கும். ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும்.

சரியான வழி? முதலில் பிரஷர் கேஜ். பல எம்பிஎஃப்ஐ கார்களில் 3 முதல் 4 பார் வரை காட்ட வேண்டும். சரியான எண் அந்தந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா? கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே. கேட்டும் அழுத்தம் இல்லையென்றால் பம்ப்புக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று அளக்க வேண்டும். பேட்டரியில் 12, பம்ப்பில் 9 என்றால் குற்றவாளி வயர், பம்ப் அல்ல. வோல்ட் சரியென்றால் ஃபில்டர் அடைப்பு. பிறகு ரெகுலேட்டர். எஞ்சினை அணைத்த கையோடு கேஜ் முள் மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிவு. இத்தனையும் தேறினால்தான் பம்ப்பை மாற்றும் பேச்சே வர வேண்டும். வீட்டில் நீங்களே முயற்சி செய்ய வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோலும் ஒரு சின்னத் தீப்பொறியும் சந்தித்தால் சமரசம் கிடையாது.

‘இதெல்லாம் பழைய வண்டிப் பிரச்னை சார்’ என்பீர்கள். 2020இல் டொயோட்டா உலகம் முழுக்க சுமார் 58 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. டென்சோ தயாரித்த பம்ப்புக்குள் சுழலும் ஒரு பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலைக் குடித்து ஊதிவிடுகிறது. ஊதினால் பக்கத்தில் உரசும். உரசினால் பம்ப் நிற்கும். இந்தியாவில் ஹோண்டாவும் 2021 ஏப்ரலில் 77,954 கார்களைப் பம்ப் மாற்ற அழைத்தது. ஜப்பானில் 2023 ஜூலையில், பம்ப் பழுதாகி விரைவுச்சாலையில் நின்றுபோன ஒரு கார் மேல் பின்னால் வந்த வண்டி மோதி, ஓர் உயிர் போனது.

மாடல் டி-க்குப் பெட்ரோல் போகாவிட்டால் மேட்டில் நிற்கும். திருப்பிப் போட்டு ஏறலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மேட்டில் உங்கள் வண்டி முதல் முறை திக்கும்போதே கேஜை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டாமலே ‘பம்ப் போச்சு சார்’ என்று ஒரு மெக்கானிக் சொன்னால், தயங்காமல் அடுத்த மெக்கானிக்கிடம் போங்கள்.