தி சிம்ஸ் 4: சீசன்ஸ்

தி சிம்ஸ் 4: சீசன்ஸ் என்பது தி சிம்ஸ் 4 என்னும் வாழ்க்கைப் பாவனை நிகழ்பட ஆட்டத்திற்காக வெளியிடப்பட்ட ஐந்தாவது விரிவாக்கப் பொதி ஆகும். மேக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய இப்பொதியை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. விண்டோஸ், மாக் கணினிகளுக்கு ஜூன் 22, 2018 அன்றும், பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய ஆட்டக் கருவிகளுக்கு நவம்பர் 13, 2018 அன்றும் இது வெளிவந்தது. நான்கு பருவங்கள், அவற்றுக்கேற்ற வானிலை, திருத்தியமைக்கக்கூடிய விழா நாட்காட்டி, வெயிலுக்கும் குளிருக்குமான தனி உடை வகைகள் ஆகியன இதன் முதன்மையான புதுக்கூறுகள் ஆகும்.

விழாக்களை ஆட்டக்காரர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இப்பொதி இடமளிக்கிறது. ஆனால் பருவங்களின் பகுப்பு மிதவெப்ப மண்டல நாடுகளை ஒட்டியே அமைந்துள்ளது. இதனால் தமிழ்நாடு போன்ற வெப்பமண்டலப் பகுதியின் ஆண்டை இவ்வாட்டத்தில் ஓரளவுக்கே அமைக்க இயலும்.

பின்னணி

தி சிம்ஸ் ஆட்டத் தொடரை உருவாக்கியவர் வில் ரைட் ஆவார். இத்தொடரின் முதல் ஆட்டம் பெப்ரவரி 4, 2000 அன்று வெளியானது. சிம்கள் எனப்படும் மாந்த உருவங்களின் அன்றாட வாழ்வை ஆட்டக்காரர் நடத்திச் செல்வதே இதன் அடிப்படை. உண்ணுதல், உறங்குதல், வேலைக்குச் செல்லுதல், நட்பு, திருமணம், பிள்ளை வளர்ப்பு, முதுமை, இறப்பு ஆகியன இதில் இடம்பெறுகின்றன. இவ்வாட்டத்தில் வெற்றி, தோல்வி என்ற முடிவு கிடையாது.

பருவங்களை மையமாகக் கொண்ட பொதி இத்தொடருக்குப் புதியதன்று. தி சிம்ஸ் 2 ஆட்டத்திற்கு 2007 ஆம் ஆண்டிலும், தி சிம்ஸ் 3 ஆட்டத்திற்கு 2012 ஆம் ஆண்டிலும் இதே பெயரில் விரிவாக்கப் பொதிகள் வெளியிடப்பட்டன. தி சிம்ஸ் 4 ஆட்டம் 2014 செப்டம்பரில் வெளியானபோது அதில் மழையோ வெயிலின் விளைவோ இல்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்தே அவை விலைக்குரிய பொதியாகச் சேர்க்கப்பட்டன. அக்டோபர் 18, 2022 முதல் தி சிம்ஸ் 4 அடிப்படை ஆட்டம் இலவசமாக வழங்கப்படுகிறது. விரிவாக்கப் பொதிகளைத் தனியே வாங்க வேண்டும்.

பருவங்களும் வானிலையும்

இப்பொதியில் ஆண்டு என்பது இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்காகப் பகுக்கப்பட்டுள்ளது. இயல்பு அமைப்பில் ஒரு பருவம் ஆட்டத்தின் 7 நாட்கள் நீடிக்கும். இவ்வாறு ஓர் ஆண்டு 28 நாட்களில் முடிந்துவிடும். ஆட்டக்காரர் விரும்பினால் ஒரு பருவத்தின் நீளத்தை 14 அல்லது 28 நாட்களாக மாற்றலாம். மழை, பனிப்பொழிவு, வெப்பநிலை சிம்களின் உடல்மீது ஏற்படுத்தும் விளைவு ஆகியவற்றை நிறுத்திவைக்கவும் அமைப்புப் பட்டியலில் வழியுண்டு.

வானிலை எல்லா ஊர்களிலும் ஒரே வகையாக இருப்பதில்லை. பாலைநிலத்தை ஒத்த ஒயாசிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் கோடை கடுமையானது. அங்கு பனி பெய்வதில்லை. கடலோர ஊரான பிரிண்டில்டன் பே குளிர் மிகுந்தது. இப்பொதிக்குப் பின் 2019 ஆம் ஆண்டில் வெளியான ஐலண்ட் லிவிங் பொதியின் சுலானி தீவுகளிலும் பனிப்பொழிவு கிடையாது.

வெப்பமும் குளிரும் சிம்களின் உடல்நிலையைப் பாதிக்கின்றன. கடும் வெயிலில் நெடுநேரம் நிற்கும் சிம் வெப்பத்தால் இறக்கக்கூடும். குளிரில் உறைந்தும், மின்னல் தாக்கியும் இறக்க நேரிடலாம். குடை, வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகியன இவற்றிலிருந்து காத்துக்கொள்ளப் பயன்படுகின்றன. வானிலையையே மாற்றவல்ல கற்பனைக் கருவி ஒன்றும் இப்பொதியில் உள்ளது.

உடைகள்

தி சிம்ஸ் 4 ஆட்டத்தில் ஒவ்வொரு சிம்மிற்கும் அன்றாட உடை, விழா உடை, உறக்க உடை, நீச்சல் உடை எனப் பல வகைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. இப்பொதி அவற்றுடன் வெயில்கால உடை, குளிர்கால உடை என்னும் இரு வகைகளைச் சேர்த்தது. வீட்டை விட்டு வெளியேறும் சிம் வானிலைக்கு ஏற்ற உடைக்குத் தானே மாறிக்கொள்கிறது. பொருந்தாத உடையுடன் வெளியில் இருக்கும் சிம் முதலில் மனநிலை குன்றும். பின்னர் உயிராபத்துக்கு உள்ளாகும். இவ்வகையில் அலங்காரப் பொருளாக மட்டும் இருந்த உடை, இப்பொதியில் வாழ்தேவைகளுள் ஒன்றாகிறது.

பயிர்களும் தொழில்களும்

ஒவ்வொரு செடிக்கும் உரிய பருவம் இப்பொதியில் வரையறுக்கப்பட்டுள்ளது. பருவம் தவறினால் செடி வளர்ச்சியின்றி உறங்குநிலையில் இருக்கும். கூரைக்குக் கீழோ பசுமைக்குடிலிலோ வளர்க்கப்படும் செடிகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. தேனீப் பெட்டி வைத்துத் தேன் எடுக்கலாம். மலர்களைத் தொகுத்து அழகுபடுத்துவது புதிய திறனாகச் சேர்க்கப்பட்டுள்ளது. தோட்டக்காரர் என்னும் புதிய தொழில் பிற்கட்டத்தில் தாவரவியலாளர், மலர் வடிவமைப்பாளர் என இரு கிளைகளாகப் பிரிகிறது. சிறுவர்களும் பதின்ம வயதினரும் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து பதக்கங்கள் பெறலாம்.

நாட்காட்டியும் விழாக்களும்

காதல் நாள், அறுவடை விழா, குளிர்கால விழா, புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஆகியன நாட்காட்டியில் இயல்பாக இடம்பெறும் விழாக்கள். குளிர்கால விழாவில் பரிசு கொண்டுவரும் முதியவர் ஒருவர் வருகை தருவார். அறுவடை விழாவில் வீட்டிற்குள் தோன்றும் குறளி பொம்மைகளைச் சமாதானப்படுத்த வேண்டும். இவை பெரும்பாலும் வட அமெரிக்க விழாக்களான நன்றி நவிலல் நாள், கிறித்துமஸ் ஆகியவற்றைச் சமயச் சார்பின்றித் தழுவியவை.

ஆட்டக்காரர் இவ்விழாக்களை நீக்கலாம், வேறு நாளுக்கு மாற்றலாம், புதிய விழாக்களையும் உருவாக்கலாம். புதிய விழாவிற்குப் பெயர், சின்னம், அலங்காரம் ஆகியவற்றைத் தெரிவு செய்வதோடு, அன்று வேலைக்கும் பள்ளிக்கும் விடுமுறை உண்டா என்பதையும் குறிக்க வேண்டும். ஒரு விழாவிற்கு ஐந்து வழக்கங்கள் வரை சேர்க்கலாம். ஆட்டத்தில் ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்தே இவ்வழக்கங்களைத் தெரிவு செய்ய இயலும். வழக்கங்களை நிறைவேற்றிய சிம் மகிழ்ச்சியடையும். நிறைவேற்றாத சிம் விழா வீணானதாக வருந்தும்.

வரவேற்பும் விமர்சனமும்

வானிலையும் விழா நாட்காட்டியும் ஆட்டத்தின் எல்லா ஊர்களுக்கும் பொருந்துவதால், முன்பு வாங்கிய பொதிகளும் இதனால் புத்துயிர் பெற்றன என்பது இப்பொதியின் சிறப்பாகக் கருதப்படுகிறது. ஆட்டத்தில் நாட்கள் ஒன்றுபோலக் கழிந்த நிலை மாறி, முன்கூட்டியே திட்டமிட வேண்டிய தேவை உருவானது.

புதிய ஊர் எதுவும் இணைக்கப்படாத முதல் தி சிம்ஸ் 4 விரிவாக்கப் பொதி இதுவே என்பது குறையாகச் சொல்லப்படுவதுண்டு. முந்தைய இரு ஆட்டங்களிலும் இடம்பெற்ற ஒரு கூற்றை மீண்டும் விலைக்கு விற்பது பொருத்தமன்று என்பதும் ஒரு வாதம். தி சிம்ஸ் 2 பொதியில் ஆண்டின் நான்கு பகுதிகளையும் ஆட்டக்காரரே வரிசைப்படுத்த முடிந்தது. ஒரே பருவத்தைத் திரும்பத் திரும்ப வைக்கவும் இயன்றது. தி சிம்ஸ் 4 பொதியின் அமைப்புப் பட்டியலில் அவ்வசதி இல்லை. குளிர்காலமே இல்லாத நிலப்பகுதிகளைச் சேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இது ஒரு பின்னடைவாகும்.

பின்வந்த தொடர்புடைய பொதிகள்

ஜூலை 28, 2020 அன்று நிஃப்டி நிட்டிங் என்னும் சிறு பொதி வெளியானது. இதன் கருப்பொருள் ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பின் மூலம் தெரிவு செய்யப்பட்டது. சிம்கள் கம்பளி நூலைக் கொண்டு கையால் ஆடை பின்னி, அதனை இணைய அங்காடியில் விற்க இது வழிசெய்தது. 2021 அக்டோபரில் வெளியான ஃபேசன் ஸ்ட்ரீட் பொதி மும்பையின் தெருக்கடை ஆடைகளைத் தழுவியது. இந்திய நகரம் ஒன்றின் உடைப் பாங்கை மட்டுமே கருப்பொருளாகக் கொண்டது என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

தமிழ்ச் சூழல்

மொழி

சிம்கள் பேசுவது சிம்லிசு எனப்படும் பொருளற்ற கற்பனை மொழியாகும். ஆகவே உரையாடலைப் புரிந்துகொள்ள எம்மொழியறிவும் தேவையில்லை. ஆனால் பட்டியல்களும் விளக்கங்களும் தமிழில் வழங்கப்படுவதில்லை.

பருவப் பகுப்பு

தமிழ் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவை கார் (ஆவணி, புரட்டாசி), கூதிர் (ஐப்பசி, கார்த்திகை), முன்பனி (மார்கழி, தை), பின்பனி (மாசி, பங்குனி), இளவேனில் (சித்திரை, வைகாசி), முதுவேனில் (ஆனி, ஆடி) என்பனவாகும். இவற்றில் இரண்டு மழைக்கும் இரண்டு வெயிலுக்கும் உரியவை. முன்பனி, பின்பனி என்பவற்றில் வரும் பனி, புல்மேல் படியும் நீர்த்துளியையும் மூடுபனியையும் குறிக்கிறதே அன்றி, இவ்வாட்டத்தில் பெய்யும் வெண்பனியை அன்று. மழையை அடிப்படையாகக் கொண்ட பருவம் எதுவும் இப்பொதியின் நான்கில் இல்லை. மழை எல்லாப் பருவங்களிலும் இடையிடையே வரும் நிகழ்வாகவே உள்ளது. தமிழ்நாட்டை ஒத்த சூழலை விரும்பும் ஆட்டக்காரர் பனிப்பொழிவை நிறுத்திவைப்பதோ, சுலானி போன்ற ஊரைத் தெரிவு செய்வதோ நடைமுறைத் தீர்வாகும்.

விழாக்கள்

தீபாவளியைப் பெருமளவு இப்பொதியில் அமைக்க முடியும். வாணவேடிக்கை, ஒளியலங்காரம், பரிசளித்தல், பெருவிருந்து, விருந்தினரை அழைத்தல் ஆகிய ஐந்தும் பட்டியலில் உள்ள வழக்கங்களே. பொங்கலை அமைப்பது கடினம். பெருவிருந்து, வீட்டலங்காரம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஆயினும் கதிரவனுக்குப் பொங்கலிடுதல், மாடுகளுக்கு நன்றி செலுத்துதல் ஆகியவற்றுக்கு ஈடான வழக்கங்கள் இல்லை. போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாட்களையும் நான்கு தனி விழாக்களாகவே அமைக்க வேண்டியிருக்கும். 7 நாட்களே கொண்ட பருவத்தில் இது பாதிக்கு மேற்பட்ட நாட்களை விழுங்கிவிடுமாதலால், பருவத்தின் நீளத்தை 28 நாட்களாக வைத்துக்கொள்வது ஏற்றது.

ஆடைப் பருவங்களும் திருப்பூரும்

உடையைப் பருவத்தோடு இணைக்கும் இப்பொதியின் முறை, மேலைநாட்டு ஆடை வணிகத்தின் நடைமுறையை ஒத்தது. ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றின் ஆடை விற்பனையாளர்கள் ஆண்டை இளவேனில்-கோடை, இலையுதிர்-குளிர் என இரண்டாகப் பகுத்துக் கொள்முதல் செய்கின்றனர். இப்பகுப்பு நடைமுறையில் ஆளும் தமிழ்நாட்டு நகரம் திருப்பூர் ஆகும். இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்நகரையும் அதன் சுற்றுப்பகுதிகளையும் சார்ந்தது. 2024-25 நிதியாண்டில் இதன் ஏற்றுமதி மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஆகும்.

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்தது. இங்கு வெண்பனி பெய்வதில்லை. எனினும் இங்குள்ள பனியன் கம்பெனிகளின் வேலை, பனி பெய்யும் நாடுகளின் நாட்காட்டியைப் பின்பற்றியே கூடுகிறது, குறைகிறது. மேலைநாட்டுக் கோடைக்கான அரைக்கைச் சட்டைகள் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே தைத்து அனுப்பப்பட வேண்டும். பருத்தியையே பெரிதும் நம்பியிருப்பதால் திருப்பூரின் வலிமை கோடை ஆடைகளில் உள்ளது. குளிர்கால ஆடைகளுக்குச் செயற்கை இழைகள் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. ஆண்டு முழுவதும் வேலை இருக்க வேண்டுமாயின் செயற்கை இழை ஆடைகளிலும் ஈடுபட வேண்டும் என்னும் கருத்து இத்தொழிலில் வலுப்பெற்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழாக்களும் இந்நாட்காட்டியோடு மோதுகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குச் செல்வதால் கம்பெனிகள் சில நாட்கள் மூடப்படுகின்றன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் திரும்பி வரும்வரை வேலை மந்தமாகவே இருக்கும். இவ்விரு விழாக்களும் கோடை ஆடைகளைத் தைக்கும் மாதங்களை ஒட்டியே வருகின்றன. நூல் பின்னுதல், சாயமிடுதல், வெட்டுதல், தைத்தல், தேய்த்தல், பெட்டியிடுதல் என ஒன்றையொன்று சார்ந்த வேலைகளில் ஏதேனும் ஒன்று தாமதமானால் குறித்த கப்பல் தவறிவிடும். அப்போது சரக்கை ஏற்றுமதியாளர் தம் செலவில் வானூர்தியில் அனுப்ப வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். பருவம் கடந்த ஆடையை வாங்குநர் மறுப்பதும் உண்டு.

தி சிம்ஸ் 4: சீசன்ஸ் பொதியில் விழா நாளுக்கு விடுமுறை உண்டா என்பதும் பருவம் எத்தனை நாள் நீடிக்க வேண்டும் என்பதும் ஆட்டக்காரரின் தெரிவுகள். ஆடைத் தொழிலில் விடுமுறையைத் தொழிலாளரும் கம்பெனியும் தமக்குள் முடிவு செய்கின்றனர். பருவத்தின் நீளம் மட்டும் அவர்கள் இருவர் கையிலும் இல்லை.